வி8 எஞ்சினில் ஹெடர் கசிவு: கேஸ்கெட்டை மாற்றுவதா, ஃபிளேஞ்சைச் சரிசெய்வதா?

இரவு முழுக்க நின்று குளிர்ந்த செவ்ரலே 350 வி8 எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும், சிலிண்டர் ஹெட்டின் ஓரத்திலிருந்து 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் எழுந்து, ஐந்தாறு நிமிடத்தில் எஞ்சின் சூடேறியதும் தானாகவே அடங்கிவிடுகிறது என்றால், அது பெரும்பாலும் டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் அல்ல. எரிந்த வாயு ஹெட்டிலிருந்து வெளியேறும் துளையான எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கும், அதை வாங்கிச் செல்லும் ஹெடர் குழாய்க்கும் நடுவே எங்கோ வாயு கசிகிறது. சாலிட் லிஃப்டர் கேம் (வால்வைத் தள்ளும் பாகங்களில் சிறு இடைவெளி விட்டு இயங்கும் வகை) போட்டவர்கள் இதை ஒப்புக்கொள்ள நாளாகும். அந்த கேம் எப்படியும் கொஞ்சம் தட்டிக்கொண்டுதான் இருக்கும் என்பதால், கசிவின் சத்தத்தையும் அதன் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள். சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. சத்தம் வரும் சிலிண்டரின் பிளக் வயரைக் கழற்றி எர்த் செய்துவிட்டு எஞ்சினை ஓட விட்டால், கசிவின் சத்தம் அடங்கும் அல்லது மிகவும் மங்கும். டேப்பட் சத்தம் மாறாமல் தொடரும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைச் சைலன்சர் வாயில் துணி சுற்றிச் செருகி, போர்ட்டுகளைச் சுற்றிச் சோப்பு நீர் தெளித்தால், கசியும் இடத்தில் குமிழி கட்டும். நாள்பட்ட கசிவாக இருந்தால் இதுகூட வேண்டாம்; ஹெட்டின் மேல் கரி விசிறிபோலப் படிந்து இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கசிவு உறுதியானதும் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த கேஸ்கெட் நல்லது?" என்பதுதான். நம் ஊர்ப் பட்டறைகளில் பேக்கிங் என்று சொல்லப்படும், ஹெட்டுக்கும் ஹெடருக்கும் நடுவே வைத்து அடைக்கும் இந்தத் தகட்டில் இன்று கிராஃபைட், பல அடுக்கு எஃகு, செம்பு, மென் அலுமினியம் என்று வகைகள் இருக்கின்றன. இவை எதுவும் இல்லாமல் சிலிக்கான் பசையை மட்டும் தடவி முடுக்குகிறவர்களும் உண்டு. ஆனால் ஹெடரின் ஃபிளேஞ்ச், அதாவது ஹெட்டோடு போல்ட் போட்டு முடுக்கும் தகடு, எவ்வளவு மட்டமாக இருக்கிறது என்று அளக்காமல் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவதற்கு ஒப்பாகும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த அளவை முன்வைத்தே வகைகளை ஒப்பிடுகிறேன்.

சத்தம் மட்டும்தானே, பொறுத்துக்கொள்ளலாமே என்று நினைப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எக்ஸாஸ்ட் குழாயில் வாயு சீராக ஓடுவதில்லை. துடிப்பு துடிப்பாகப் போகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் குழாயின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கீழே இறங்கும் கணங்கள் உண்டு. அப்போது, வாயு வெளியேறிய அதே இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே புகுகிறது. கீழே இருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு அந்தக் காற்று எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கலவையில் பெட்ரோல் குறைவு என்றே அது சொல்லும். எரிபொருளைச் செலுத்தும் கணினி அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். கார்புரேட்டர் எஞ்சினில் கணினி இல்லை என்றாலும், கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரை மாட்டிக்கொண்டு, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றும் உரிமையாளர் அந்தத் தவற்றைத் தம் கையாலேயே செய்கிறார். இதற்கு மேல், சூடான வாயு பீறிடும் திசையில் பிளக் வயரின் ரப்பர் உறை இருந்தால் கருகும். நெடுநாள் கவனிக்காமல் விட்டால் ஃபிளேஞ்சிலும் ஹெட்டின் முகப்பிலும் வாயு வாய்க்கால் வெட்டிவிடும். கார்பன் மோனாக்சைடு காருக்குள் புகும் ஆபத்தும் இருக்கிறது.

1955-இல் 265 கன அங்குல அளவில் வெளிவந்த செவ்ரலேயின் ஸ்மால் பிளாக் எஞ்சின், 1967-இல் கமேரோ காருக்காக 350 கன அங்குலமாக வளர்ந்தது. அந்த வரிசையில் பத்துக் கோடியாவது எஞ்சினை 2011-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கட்டி முடித்தது. இத்தனை எஞ்சின்களில், ஒரு பக்கச் சிலிண்டர்களின் வாயுவை ஒன்றுசேர்க்கும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டோடு ஓடியவற்றில் இந்தக் கசிவு அவ்வளவு பெரிய தொல்லையாக இருக்கவில்லை. தடித்த வார்ப்பு, இழைத்த முகப்பு என்பதால் பல மாடல்களில் கேஸ்கெட்டே இல்லாமல் இரும்போடு இரும்பாக முடுக்கித்தான் தொழிற்சாலையிலிருந்து அனுப்பினார்கள். குதிரைத்திறனுக்காக அந்த மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக்குழாய் வைத்த ஹெடரை மாட்டும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

அதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது வெல்டிங். 6 மி.மீ. தகட்டில் நான்கு குழாய்களை வைத்து வெல்டு செய்தால், ஆறும்போது வெல்டு சுருங்கித் தகட்டை வில்லாக வளைத்துவிடும். ஃபிளேஞ்ச் 9 அல்லது 10 மி.மீ. கனமாக இருந்தால் வளைவு குறையும், அறவே நீங்காது. மலிவு விலை ஹெடர்களில் இன்னொரு கோளாறும் உண்டு: போர்ட்டின் உட்பக்க வெல்டு முகப்பைத் தாண்டி நூலளவு புடைத்து நிற்கும். அப்படி இருந்தால் ஃபிளேஞ்ச் கேஸ்கெட்டின் மேல் உட்காராமல் அந்தப் புடைப்பின் மேல்தான் உட்காரும். எவ்வளவு முடுக்கினாலும் கேஸ்கெட் நசுங்காது.

இரண்டாவது காரணம் வெப்பத்தால் ஏற்படும் விரிவு. ஃபிளேஞ்சின் நீளத்தை ஏறத்தாழ 45 செ.மீ. என்று கொள்வோம். ஃபிளேஞ்சின் வெப்பம் 300 டிகிரி செல்சியஸ் ஏறினால், சாதா எஃகு ஏறக்குறைய 1.6 மி.மீ. நீள்கிறது. தண்ணீரால் குளிர்விக்கப்படும் வார்ப்பிரும்பு ஹெட் 80 டிகிரி ஏறினால் 0.4 மி.மீ. மட்டுமே நீளும். மீதமுள்ள 1.2 மி.மீ. தூரத்துக்கு ஃபிளேஞ்ச் ஹெட்டின் மேல் வழுக்கியாக வேண்டும். எஞ்சின் குளிரும்போது அதே தூரம் திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு முறை காரை எடுத்து நிறுத்தும்போதும் கேஸ்கெட் இப்படி இருபுறமும் தேய்க்கப்படுகிறது. 304 ரகத் துருவேறா எஃகில் செய்த ஹெடர் என்றால் நீட்சி 2.3 மி.மீ. வரை போகும், பளபளப்புக்காகக் கூடுதல் விலை கொடுத்தவர், தெரியாமலே கூடுதல் தேய்மானத்தையும் சேர்த்து வாங்குகிறார். இதில் பலருக்கும் தெரியாத ஒரு செய்தி: அலுமினிய ஹெட் வார்ப்பிரும்பைவிட இரண்டு மடங்கு விரிவதால், சாதா எஃகு ஹெடரோடு அதன் இழுபறி உண்மையில் குறைவு. அலுமினிய ஹெட்டில் வரும் சிக்கல் வேறு. அதில் போல்ட்டின் மரை எளிதில் வழித்துக்கொண்டு போய்விடும்.

நண்பர் ஒருவரின் 1972 கமேரோவில் ஒரே கோடையில் மூன்று முறை இடது பக்க கேஸ்கெட்டை மாற்றியிருந்தார்கள். மூன்றும் மூன்று வகை. மூன்றும் நடுவில்தான் கருகியிருந்தன. ஸ்மால் பிளாக் ஹெட்டில் நடு இரண்டு எக்ஸாஸ்ட் போர்ட்டுகளும் ஒட்டியபடி அமைந்திருப்பதால், இடது பக்கம் 3, 5 ஆகிய சிலிண்டர்களின் வெப்பம் முழுவதும் அங்கே குவியும். ஆகவே நடுவில் கருகியதை யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. நான்காவது முறை ஹெடரைக் கழற்றியபோது அதைக் கவிழ்த்துப் பலகையில் வைத்து, ஃபிளேஞ்சின் மேல் எஃகு மட்டக்கோலை வைத்து, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தோம். இரு முனைகளிலும் 0.05 மி.மீ. தகடுகூட நுழையவில்லை. நடுவில் 0.6 மி.மீ. தகடு தடையின்றிப் போய் வந்தது. மூன்று கேஸ்கெட்டுகளின் மேலும் சுமத்திய பழி அந்த ஒரு தகட்டில் தீர்ந்தது.

அதன்பின் நான் வைத்துக்கொண்ட கணக்கு இது. இடைவெளி 0.2 மி.மீ.க்குள் இருந்தால் எந்த நல்ல கேஸ்கெட்டும் பிடிக்கும். 0.5 மி.மீ. வரை மென்மையான வகைகள் சமாளிக்கும். அதற்கு மேல் போனால் கேஸ்கெட் வாங்கும் காசை மிஷின் ஷாப்பில் கொடுப்பதே மேல். இது எந்தக் கையேட்டிலும் இருக்கும் எண் அல்ல, பழக்கத்தில் வந்தது. தடித்த ஃபிளேஞ்ச் போல்ட்டின் இழுப்புக்கு வளைந்து கொடுக்காது என்பதால் அதற்கு இன்னும் கண்டிப்பாகவே இருக்க வேண்டும்.

இனி வகைகளுக்கு வருவோம். ஹெடர் பெட்டிக்குள்ளேயே இலவசமாக வரும் தாள் போன்ற கேஸ்கெட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. துளைகள் பொருந்துகின்றனவா என்று பார்க்க வார்ப்புருவாகப் பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போடலாம்.

துளையிட்ட எஃகுத் தகட்டின் இருபுறமும் கிராஃபைட் ஒட்டிய கேஸ்கெட்தான் தெருவில் ஓடும் கார்களுக்குப் பெரும்பாலும் பொருத்தமானது. ஒன்றரை மி.மீ. கனத்தில் வரும் இது நன்றாக நசுங்கி மேடுபள்ளங்களில் நிறைகிறது. கிராஃபைட் இயல்பாகவே வழுக்கும் பொருள் என்பதால் ஃபிளேஞ்சின் நகர்வையும் ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. இதன் பலவீனம், சுமார் 450 டிகிரிக்கு மேல் காற்றுப் பட்டால் கிராஃபைட் மெல்ல எரிந்து போவதே. அழுத்தமாகப் பிடித்திருக்கும் வரை காற்று தொடாது, ஆகவே எரியாது. ஒரு மயிரிழைக் கசிவு தொடங்கிவிட்டாலோ, சூடான வாயுவும் காற்றும் மாறி மாறிப் புகுந்து சில நாட்களிலேயே ஒரு விரற்கடை அகலத்துக்கு அரித்துவிடும். கழற்றினால் மீண்டும் பயன்படாது. ஹெட்டில் ஒட்டியதைச் சுரண்டுவதற்கே அரை மணி நேரம் ஆகும்.

பல அடுக்கு எஃகு கேஸ்கெட், மெல்லிய துருவேறா எஃகுத் தகடுகளைப் போர்ட்டைச் சுற்றி வரம்புபோல எழும்பும்படி அச்சடித்து அடுக்கிச் செய்தது. அந்த வரம்பு சுருள்வில்லைப் போலச் செயல்படுவதால், வெப்பத்தில் போல்ட் சற்றுத் தளர்ந்தாலும் அழுத்தம் முற்றிலும் விட்டுப்போவதில்லை. அடிக்கடி திரும்ப முடுக்க வேண்டிய தேவையும் குறைவு. டர்போ எஞ்சினுக்கு என் முதல் தேர்வு இதுதான், ஏனென்றால் அங்கே மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் எப்போதும் உயர்ந்தே இருக்கும். கசியும் ஒவ்வொரு துளியும் டர்பைனைச் சுழற்றாமல் வீணாகும். ஆனால் வில்லுக்கு உயரம் குறைவு. வளைந்த ஃபிளேஞ்சில் இதை வைத்தால், எல்லாவற்றிலும் விலை கூடிய கேஸ்கெட் எல்லாவற்றிலும் விரைவாகத் தோற்கும். கமேரோவில் இரண்டாவதாக மாட்டியது இந்த வகையைத்தான். முதல் நாளே சத்தம் கேட்டது.

செம்புக்குத் தனி வசீகரம் உண்டு. 1,085 டிகிரியில்தான் உருகும் என்பதால் எரிந்து போகும் பயமில்லை, ஊதித் தெறிப்பதும் இல்லை. பந்தயத்துக்காக வாரம் ஒரு முறை ஹெடரைக் கழற்றுகிறவர் ஒரே செம்பு கேஸ்கெட்டைப் பலமுறை பயன்படுத்தலாம். நசுங்கிய செம்பு இறுகிவிடும். அதைப் பழுக்கக் காய்ச்சினால் மீண்டும் மென்மையாகும். எஃகைப் போல இது தண்ணீரில் தோய்த்தால் கடினப்படாது என்பது, அடித்து அடித்து இறுகிய செம்புக் குடத்தை நடுநடுவே உலையில் வைத்தெடுக்கும் கன்னார்களுக்குத் தலைமுறைகளாகத் தெரிந்த செய்தி. எனினும் செம்பு தானாக விரிந்து பள்ளத்தை நிரப்பாது. எந்த அளவு அழுத்துகிறோமோ அந்த அளவே படியும். அழுத்தத்தில் மெல்ல மெல்ல வழிந்து கொடுப்பதும் அதன் குணம் என்பதால், போல்ட்டுகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரை வெளியே எடுக்கும் ஒருவருக்கு இந்தக் கவனம் சலித்துப் போகும்.

மென் அலுமினியத் தாள்களை அடுக்கிச் செய்த கேஸ்கெட் செம்பைவிட எளிதாகப் படிகிறது, கிராஃபைட்டைப் போல எரிவதில்லை. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடுமே, முழு வேகத்தில் எக்ஸாஸ்ட் வாயு 800 டிகிரியைத் தாண்டுமே என்ற கேள்வி நியாயமானது. தண்ணீரால் குளிர்ந்த ஹெட்டோடு ஒட்டியிருப்பதால் கேஸ்கெட் அந்த வெப்பத்தை எட்டுவதில்லை என்பதே பதில். ஆனால் போர்ட்டின் துளையைவிட கேஸ்கெட்டின் துளை சிறியதாக இருந்து, அதன் விளிம்பு வாயுவின் பாதையில் நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. டர்போ எஞ்சினில் இதை நான் வைக்க மாட்டேன்.

சிலிக்கான் பசையை மட்டும் நம்புவது பற்றிப் பலரும் கடுமையாகப் பேசுகிறார்கள். நான் அவ்வளவு கடுமையாகப் பேச மாட்டேன். செம்பு நிறத்தில் வரும் உயர்வெப்ப வகை சுமார் 370 டிகிரி வரை தாங்கும். ஃபிளேஞ்ச் நன்றாக மட்டமாக இருந்து, வார்ப்பிரும்பு ஹெட்டும் சுத்தமாக இருந்தால், மெல்லிய பூச்சு ஆண்டுக்கணக்கில் பிடித்து நிற்பதும் உண்டு. ஆனால் அது முழுதாக இறுகும் வரை காத்திருக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் உழைப்பு வீண். ஆக்சிஜன் சென்சார் உள்ள கார் என்றால், சென்சாருக்குக் கேடு செய்யாத ரகமா என்று குழலின் மேல் படித்துவிட்டே வாங்க வேண்டும். சாதாரண சிலிக்கானின் ஆவி சென்சாரைக் கெடுத்துவிடும். வளைவை மறைக்கத் தடிமனாக அப்புவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது.

ஆக, கேஸ்கெட் எதுவானாலும், வளைந்த ஃபிளேஞ்சுக்கு மருந்து ஃபிளேஞ்சிலேயே இருக்கிறது. சாதாரணமானது முகப்பை இழைப்பது. உட்பக்க வெல்டுப் புடைப்பை முதலில் அரத்தால் ராவிவிட்டு, மில்லிங் இயந்திரத்திலோ அகலமான பெல்ட் சாண்டரிலோ கொடுத்து மட்டமாக்கலாம். 10 மி.மீ. ஃபிளேஞ்சில் 0.6 மி.மீ. எடுப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது, 6 மி.மீ. ஃபிளேஞ்சில் யோசிக்க வேண்டும். இன்னொரு வழி, போர்ட்டுகளுக்கு இடையே ஃபிளேஞ்சை அறுத்துவிடுவது. ஸ்மால் பிளாக்கில் முன் போர்ட், நடு இரண்டு, பின் போர்ட் என்று மூன்று துண்டுகளாக நிற்கும்படி அறுத்தால், ஒவ்வொன்றும் தன் இடத்தில் தானே மட்டமாக உட்காரும். நீளவாட்டு விரிவின் இழுபறியையும் குழாய்கள் வளைந்து வாங்கிக்கொள்ளும். நல்ல ஹெடரை ரம்பத்தால் அறுக்க மனம் வராது என்பதைத் தவிர இதில் குறை சொல்ல எனக்கு ஏதுமில்லை. அறுத்தபின் துண்டுகளை எஞ்சினில் மாட்டாமல் கீழே போட்டுவிட்டால் மட்டும், மீண்டும் துளைகளுக்கு நேராக அவற்றை இழுத்துப் பிடிக்க இரண்டு பேர் தேவைப்படும்.

பந்தயம் ஓடப் போவதில்லை, அமைதியும் நிம்மதியும் போதும் என்பவர் வார்ப்பிரும்புக்கே திரும்பலாம். கொர்வெட்டில் வந்த, ஆட்டுக்கடாக் கொம்புபோல வளைந்து நடுவில் இறங்கும் மேனிஃபோல்டு தொழிற்சாலை வார்ப்புகளில் வாயுவை நன்றாகக் கடத்தக்கூடியது. இரண்டரை அங்குல வாய் உள்ள வகையைத் தேட வேண்டும். நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்கு மேல்தான் ஹெடரின் இழப்பு உறைக்கும், நகரத் தெருவில் அந்தச் சுற்று எத்தனை நொடி வருகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். எல்லா உடற்சட்டத்திலும் அது இறங்காது என்பதால், ஸ்டீயரிங் பெட்டிக்கும் சட்டத்துக்கும் இடிக்கிறதா என்று பார்த்தபின்தான் வாங்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் இரண்டு இடங்களைப் பார்க்காமல் ஹெடரை மாட்டக் கூடாது. எஞ்சின் ரப்பர் மவுண்டின் மேல் ஆடுகிறது. சைலன்சர் குழாய் உடற்சட்டத்தில் அசையாமல் கட்டப்பட்டிருந்தால், ஒவ்வொரு முறை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் குழாயின் முழுப் பாரமும் ஃபிளேஞ்சை நெம்பும். தொங்குபிடி ரப்பர்கள் நெகிழ வேண்டும். அடுத்தது, ஹெடரின் குழாய்கள் ஒன்றுசேரும் கலெக்டரின் இணைப்பு. மூன்று போல்ட்டோடு தட்டையான கேஸ்கெட் வைத்த கலெக்டர் கசியும்போது, சத்தம் குழாய் வழியே ஏறி மேலே கேட்பதும் உண்டு; அங்கே கிண்ணமும் குமிழும் போலப் பொருந்தும் வகை ஃபிளேஞ்சை வெல்டு செய்துவிட்டால் அந்த இடத்தை மறந்துவிடலாம்.

கமேரோவுக்கு என்ன செய்தோம் என்றால், வெல்டுப் புடைப்பை ராவி, முகப்பை இழைத்து, மூன்றாக அறுத்து, கிராஃபைட் கேஸ்கெட் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று சுற்றில் 25 அடி-பவுண்டுக்கு முடுக்கினோம். முதல் முறை சூடாகி முழுதாகக் குளிர்ந்தபின் எல்லாப் போல்ட்டுமே கால் சுற்று வாங்கியது. நூற்றைம்பது கிலோமீட்டர் கழித்து இரண்டு மட்டும் வாங்கியது. வழக்கமான 9/16 அங்குலத் தலை போல்ட்டைத் தவிர்த்து, 3/8 அங்குலச் சிறிய தலை வைத்த ஹெடர் போல்ட்டையே வாங்கினோம், ஏனென்றால் குழாய்க்கும் போல்ட்டுக்கும் நடுவே விரல்கூட நுழையாத இடத்தில் பெரிய ஸ்பேனர் திரும்பாது. அப்படியும் ஏழாவது சிலிண்டரின் பின் போல்ட்டுக்கு டார்க் ரெஞ்ச் எட்டவில்லை. அதற்காக ஒரு பழைய ஸ்பேனரைப் பாதியாக அறுத்து, கேஸ் விளக்கில் காய்ச்சி வளைத்துக்கொண்டோம். அந்தக் கோணல் ஸ்பேனர் இப்போதும் அந்தக் காரின் டேஷ்போர்டு பெட்டியிலேயே கிடக்கிறது.